உயிருள்ள செல்லில் ஒளிரும் வண்ணங்கள்

உயிரியல் ஆய்வுக்கூடத்தில் நாம் காணும் நிரந்தரத் தகடுகளில் உள்ளவை இறந்துபோன செல்களே. பதப்படுத்திச் சாயமேற்றிய பின்னரே அவற்றின் பகுதிகள் தெளிவாகப் புலப்படுகின்றன. உயிருள்ள செல்லோ பெரும்பாலும் நிறமற்றது. அப்படியானால், உயிர் போகாமல் அதன் உள்ளுறுப்புகளைக் காண வழியே இல்லையா? உண்டு. ஒளிரும் சாயங்களே அவ்வழி.

இச்சாயங்கள் ஒரு நிற ஒளியை உட்கொண்டு, வேறு நிற ஒளியை உமிழ்கின்றன. உமிழும் ஒளி, உட்கொண்ட ஒளியைவிடக் கூடிய அலைநீளம் உடையது என்பதை 1852ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர் விளக்கினார். நுண்ணோக்கியில் உள்ள வடிகட்டி, நாம் பாய்ச்சும் ஒளியைத் தடுத்துவிடும். ஆகவே, இருண்ட வானில் விண்மீன்கள்போலச் சாயம் தங்கிய இடங்கள் மட்டும் ஒளிரும்.

சாயத்திற்கு இடம் காட்டுவது யார்? செல்லேதான்! ஹோக்ஸ்ட் 33342 என்னும் சாயம் செல்சவ்வைக் கடந்து, உட்கருவிலுள்ள டி.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும். புறஊதாக் கதிர் பட்டால் நீலமாக ஒளிரும். ரோடமின் 123 என்பது நேர்மின்னூட்டம் உடைய சாயம். உழைக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் உட்புறம் எதிர்மின்தன்மை உடையது. எனவே சாயம் அங்கே ஈர்க்கப்பட்டுச் சேர்கிறது. இதனை அமெரிக்க ஆய்வாளர்கள் 1980இல் வெளியிட்டனர். மைட்டோகாண்ட்ரியாவின் மின்னழுத்தம் குறைந்தால் சாயமும் வெளியேறிவிடும். ஆகவே இவ்வொளி, உறுப்பு இருக்கும் இடத்தை மட்டுமன்றி, அது உழைக்கிறதா என்பதையும் சொல்கிறது!

புரோப்பிடியம் அயோடைடு இதற்கு நேர்மாறானது. சவ்வு சிதையாத செல்லுக்குள் அது நுழையாது; சவ்வு சிதைந்து இறந்த செல்லில் புகுந்து சிவப்பாக ஒளிரும். இதனால் உயிருள்ளவற்றையும் இறந்தவற்றையும் பிரித்து எண்ணலாம்.

ஆயினும் ஓர் ஆபத்து உண்டு. சாயம் மிகுந்தால் செல்லுக்கு நஞ்சாகும். ஒளி மிகுந்தால் தீங்கு செய்யும் ஆக்சிஜன் வகைகள் தோன்றும், சாயமும் வெளுத்துப்போகும். எனவே ஆய்வாளர்கள் சாயத்தையும் ஒளியையும் இயன்ற அளவு குறைத்தே பயன்படுத்துகின்றனர். சாயமேற்றாத செல்களையும் உடன் வளர்த்து ஒப்பிட்டுப் பார்க்கின்றனர்.

காண வேண்டும் என்ற நம் ஆவலே, காணப்படும் உயிரைக் கொன்றுவிடக் கூடாதன்றோ? தோழியரே, நாளை நம்மில் சிலர் ஆராய்ச்சியாளர் ஆகலாம். அப்போது நுண்ணோக்கியில் அழகிய வண்ணம் தெரிந்தவுடன் மகிழ்ந்து நின்றுவிடாமல், 'நாம் காண்பது இச்செல்லின் இயல்பான வாழ்வா, நாம் ஏற்றிய சாயத்தால் அது படும் துன்பமா?' என்று கேட்கப் பழகுவோம்.