ஈயமும் குரோமியமும் சந்தித்த இடம்

அன்புள்ள வாசகருக்கு,

டாஸ்மேனியாவிலிருந்து உங்கள் மைத்துனர் கொண்டுவந்து கொடுத்த குரோக்காய்ட் கல்லின் படத்தைப் பார்த்தேன். ஈயத்தையும் குரோமியத்தையும் உலகெங்கும் டன் கணக்கில் வெட்டியெடுக்கிறார்களே, இரண்டும் சேர்ந்த இந்தக் கனிமம் மட்டும் ஏன் இத்தனை அரிது என்று கேட்டிருக்கிறீர்கள். அருமையான கேள்வி.

குரோமியம் பெரும்பாலும் பூமியின் ஆழத்திலிருந்து வந்த கரும்பாறைகளில் குரோமைட்டாகக் கிடைக்கும். ஈயமோ, பாறை வெடிப்புகளில் ஓடிய வெந்நீர் படியவிட்ட கலீனாவாகக் கிடைக்கும். இவற்றின் பிறப்பிடங்களே வேறு. நம்மூரையே எடுத்துக்கொள்ளுங்கள். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் குரோமைட் உண்டு. பழைய தென்னார்க்காடு மாவட்டத்து மாமண்டூரில் ஈயத்தாது உண்டு. இரண்டுக்கும் நடுவே எத்தனை ஊர்கள்!

பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் காரியம் முடிந்துவிடாது. குரோமைட் லேசில் கரையாத பிடிவாதக்காரக் கனிமம். அது சிதைந்து வெளிவரும் குரோமியம் ஆக்சிஜனேற்றம் அடைந்து குரோமேட்டாக மாறினால்தான் நீரோடு நகரும். அந்த மாற்றத்தைச் செய்யவல்லவை மாங்கனீசு ஆக்சைடுகள். அதே சமயம் மழைநீர் இறங்கி கலீனாவையும் சிதைத்து ஈயத்தை விடுவிக்க வேண்டும். இரண்டும் ஏதாவதொரு பொந்தில் சந்தித்தால் அங்கே ஈயக் குரோமேட் படிகமாக வளரும். முதலில் இருந்த தாது சிதைந்து அதிலிருந்து பிறப்பதால் இதை இரண்டாம் நிலைக் கனிமம் என்கிறோம்.

மேற்கு டாஸ்மேனியாவின் டண்டாஸில் இத்தனையும் கூடிவந்தன. குரோமியம் தரும் செர்பென்டைன் பாறை, அதையொட்டி வெள்ளி-ஈயத் தாது, மாங்கனீசு, ஓயாத மழை. அங்குள்ள அடிலெய்ட் சுரங்கத்துப் படிகங்களுக்கு இணையாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை. உங்கள் கல்லை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். கறுத்த, உதிரும் இரும்பு-மாங்கனீசுப் படுகைமேல் செம்மஞ்சள் ஊசிகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டி நிற்கும். அவற்றின் பக்கங்களில் நீளவாட்டில் மெல்லிய கோடுகள் ஓடும். சில ஊசிகளின் முனை மூடாமல் உள்ளே குழலாக இருக்கும். அடியில் வெள்ளைப் பூச்சு தெரிந்தால் அது கிப்சைட்டாக இருக்கலாம்.

ஆனால் இந்தக் கனிமம் முதலில் உலகுக்குத் தெரியவந்தது ரஷ்யாவின் யூரல் மலையில், பெரியோசோவ்ஸ்க் தங்கச் சுரங்கத்திலிருந்து. 1766-ல் கனிமவியலாளர் யோஹான் லேமன் இதைப் பற்றி எழுதினார். 1797-ல் பாரிஸில் வேதியியலாளர் லூயி நிக்கோலா வோக்லன் இதை ஆராய்ந்து, இதற்குள் அதுவரை யாரும் அறியாத ஓர் உலோகம் இருப்பதைக் கண்டார். அதுதான் குரோமியம். மரகதத்தின் பச்சைக்குக் காரணமும் இதுவே என்று அவரே கண்டுபிடித்தார். இன்றைய எவர்சில்வர் பாத்திரங்களில் இருக்கும் உலோகம், இப்படியோர் அரிய கல்லிலிருந்து அறிவியலுக்கு அறிமுகமானது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இனி பராமரிப்பு. கடினத்தன்மை அளவில் இதற்கு 2.5 முதல் 3 வரைதான். கொஞ்சம் இடித்தாலே ஊசிகள் ஒடியும். ஒப்படர்த்தியோ 6, அதே அளவு குவார்ட்ஸைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கனக்கும். வெயிலில் வைக்காதீர்கள், நாளடைவில் பளபளப்பு போய்விடும். இதிலுள்ள ஈயமும், குரோமேட் வடிவில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியமும் நச்சு. ஆகவே கண்ணாடி மூடியிட்ட பெட்டியில், குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உதிர்ந்த தூளை ஊதாதீர்கள், ஈரத்துணியால் ஒற்றியெடுங்கள். இதே ஈயக் குரோமேட் ஆலையிலும் செய்யப்பட்டு மஞ்சள் நிறமியாகப் பயன்பட்டது. வங்கதேசத்தில் மஞ்சள்தூளின் நிறம் தூக்கலாகத் தெரிய அதைக் கலந்ததை ஆய்வாளர்கள் 2019-ல் வெளிப்படுத்தினார்கள். பெட்டிக்குள் இருக்கும் படிகத்தைவிட எனக்கு அந்தக் கலப்படம்தான் அதிகம் பயம் தருகிறது.

கல்லோடு வந்த சிறு சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எந்தச் சுரங்கம் என்று எழுதியிருந்தால் அதைப் பெட்டியின் அடியிலேயே ஒட்டிவையுங்கள். எழுதியிராவிட்டால், மைத்துனரிடம் இப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கட்டுரையாளர்