ஏக்கரில் வாங்கி அடிக்கணக்கில் விற்கப்படும் நிலம்

பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலை 2023 மார்ச் மாதம் திறக்கப்பட்டது. அதன் பின்னர் மைசூரைச் சுற்றியுள்ள வயலோரங்களில் வண்ணக் கொடிகளும் விளம்பரப் பலகைகளும் பெருகிவிட்டன. நஞ்சன்கூடு, உன்சூர், எச்.டி. கோட்டை, ஸ்ரீரங்கப்பட்டணம் எனப் பல வட்டங்களில் நேற்றுவரை கேழ்வரகும் கரும்பும் விளைந்த நிலத்தில் இன்று எல்லைக்கற்கள் நிற்கின்றன. ‘இன்று சில லட்சம், ஐந்தாண்டில் பல மடங்கு’ என்பதே பெரும்பாலான விளம்பரங்களின் சாரம்.

ஓய்வூதியப் பலன்கள் கைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், அண்மையில் தம் வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முடித்துத் தருமாறு எங்களிடம் வந்தார். தொகை ஆறு லட்சம் ரூபாய். நகரிலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவில், 30-க்கு 40 அடி அளவுள்ள ஒரு ‘சைட்’ வாங்க அவர் முடிவு செய்திருந்தார். முன்பணமாக ஐம்பதாயிரம் ரூபாயும் கொடுத்துவிட்டார். பணம் அவருடையது. அதை எடுப்பதைத் தடுக்கும் உரிமை எங்களுக்கு இல்லை. இருப்பினும், கையிலுள்ள ஆவணங்களை ஒருமுறை சேர்ந்து பார்க்கலாமா என்று கேட்டோம். அப்போது பேசியவற்றையே இங்கே பாடமாகத் தொகுத்துள்ளோம்.

கணக்கு சொல்லும் உண்மை

ஓர் ஏக்கர் என்பது 40 குண்டே. அதாவது 43,560 சதுர அடி. சாலைக்கும் பொது இடத்துக்கும் சுமார் 30 விழுக்காடு போனால், 1,200 சதுர அடி கொண்ட 25 மனைகள் கிடைக்கும். ஒரு பேச்சுக்கு, அந்த ஏக்கரை விற்பனையாளர் விவசாயியிடம் 40 லட்சத்துக்கு வாங்கினார் என்று கொள்வோம். சதுர அடி 500 ரூபாய் வீதம் விற்றால் ஒரு மனை 6 லட்சம். 25 மனைகள் ஒன்றரைக் கோடி.

வாங்குபவரின் பக்கம் நின்று இதையே பார்ப்போம். விவசாய நிலமாக மதிப்பிட்டால், சாலையில் அவருக்குள்ள பங்கையும் சேர்த்து அவருடைய மனையின் விலை 1 லட்சத்து 60 ஆயிரம் மட்டுமே. மீதி 4 லட்சத்து 40 ஆயிரம், ‘இது ஒரு நாள் வீட்டுமனை ஆகும்’ என்ற நம்பிக்கைக்குக் கொடுத்த விலை. அந்த நம்பிக்கை நிறைவேறாவிட்டால், நிலத்தின் விலை ஆண்டுக்கு 10 விழுக்காடு உயர்ந்தாலும், போட்ட ஆறு லட்சத்தை எட்டுவதற்கே ஏறக்குறைய 14 ஆண்டுகள் ஆகும். அதே தொகை 7 விழுக்காடு கூட்டு வட்டியில் 14 ஆண்டுகளில், வரி நீங்கலாகப் பார்க்காமல், சுமார் 15 லட்சமாகும்.

வைப்புத்தொகை பெறும் வங்கி இவ்வாறுதானே சொல்லும் என்று வாசகர்கள் எண்ணலாம். ஆகவே எண்களை மட்டும் கருதுங்கள். நீங்கள் கேட்ட விலையை இட்டு நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். இங்கே உயரும் நில விலையின் பெரும் பகுதியை விற்பனையாளர் முதல் நாளிலேயே எடுத்துக்கொள்கிறார். 1,200 சதுர அடியில் எவரும் பயிர் செய்யமாட்டார்கள். எனவே அந்த மனையை வாங்க, உங்களைப் போலவே நம்பிக்கை கொண்ட மற்றொருவர் வரவேண்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது

கர்நாடக நிலச் சீர்திருத்தச் சட்டம், 1961-இன் 79ஏ, 79பி பிரிவுகள், விவசாயிகள் அல்லாதோர் விவசாய நிலம் வாங்குவதை நீண்ட காலம் தடுத்துவந்தன. 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றை நீக்கியது. ‘இனி யார் வேண்டுமானாலும் வாங்கலாம்’ என்று விற்பனையாளர்கள் கூறுவது இதை வைத்துத்தான். வாங்குவதற்கு இருந்த தடை நீங்கியது உண்மை. வீடு கட்டுவதற்கான அனுமதி அதனால் வந்துவிடவில்லை. கர்நாடக நில வருவாய்ச் சட்டம், 1964-இன் 95-ஆம் பிரிவின்படி, விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்றப் பொதுவாக மாவட்ட நிர்வாகத்தின் ஆணை தேவை. மக்கள் ‘டி.சி. கன்வெர்ஷன்’ என்று சொல்வது இதைத்தான். அதன் பின்னர் திட்ட அதிகாரியிடம் மனைப்பிரிவு வரைபடத்துக்கு ஒப்புதல் பெறவேண்டும்.

இவ்விரண்டும் இல்லாமல் பிரிக்கப்பட்டவையே ‘ரெவின்யூ சைட்’ எனப்படுகின்றன. ‘கன்வெர்ஷனைப் பிறகு நீங்களே செய்துகொள்ளலாம்’ என்பது அடிக்கடி கேட்கும் வாக்குறுதி. சாலை, வடிகால், பூங்கா ஆகியவை முழு நிலத்துக்கும் சேர்த்தே திட்டமிடப்படுகின்றன. இருபத்தைந்து பேர் கைக்குப் பிரிந்துபோன நிலத்தில், ஒருவர் மட்டும் தனித்து நின்று இதைச் செய்துமுடிப்பது மிகக் கடினம்.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016-இன்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைத் திட்டங்கள் ரெராவில் பதிவு செய்யப்பட வேண்டும். சில விற்பனையாளர்கள் மனை என்ற சொல்லைத் தவிர்த்து, ‘பண்ணை நிலம்’, ‘நிர்வகிக்கப்படும் தோட்டம்’ என்று பெயரிடுகிறார்கள். பெயரைப் பார்த்து மயங்காமல், ரெரா எண் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் ஏன் இல்லை என்பதை எழுத்தில் கேளுங்கள்.

முன்பே நடந்த பாடங்கள்

1990-களில் சென்னையில் அனுபவ் பிளான்டேஷன்ஸ் என்ற நிறுவனம் தேக்கு மரங்களை அலகுகளாக விற்றது. 1998-இல் அது வீழ்ந்தபோது, தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்கள் பல தம் சேமிப்பை இழந்தன. இத்தகைய திட்டங்களைக் கட்டுப்படுத்தவே 1999-இல் கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கான செபி விதிகள் வந்தன.

அதைவிடப் பன்மடங்கு பெரியது பி.ஏ.சி.எல். நிறுவனத்தின் கதை. விவசாய நிலம் தருவதாகக் கூறி, ஏறத்தாழ 5.85 கோடிப் பேரிடம் 49,100 கோடி ரூபாய் அது திரட்டியிருந்தது. தவணை கட்டியவர்களில் பெரும்பாலோர் தம் நிலம் எங்கே இருக்கிறது என்பதையே பார்த்ததில்லை. பணத்தைத் திருப்பித் தருமாறு 2014 ஆகஸ்டில் செபி ஆணையிட்டது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், நீதிபதி லோதா தலைமையில் குழு அமைத்துச் சொத்துகளை விற்கப் பணித்தது. சிறு தொகைக்கான கோரிக்கைகளிலிருந்து தொடங்கி, பணம் படிப்படியாகவே திருப்பித் தரப்பட்டது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோய் அன்று. இங்கிலாந்தில் நகரோர வயல்களைத் துண்டுகளாக்கி, ‘விரைவில் கட்டட அனுமதி வரும்’ என்று கூறி விற்றார்கள். இத்தகைய ஒரு நிறுவனத்தின் ஏற்பாடு, அனுமதியின்றி நடத்தப்பட்ட கூட்டு முதலீட்டுத் திட்டமே என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2016-இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டிலும் அதே ஆண்டு செப்டம்பரில், அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்வதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2017-இல் வரன்முறை விதிகள் வரும்வரை, அவசரத் தேவைக்கு மனையை விற்க முயன்றவர்கள் திகைத்து நின்றார்கள்.

வங்கி ஏன் கடன் தர மறுக்கிறது

இந்த வகை மனைகளுக்கு வீட்டுக்கடன் கேட்டு வருவோரை நாங்கள் திருப்பி அனுப்பும்போது, வருத்தத்துடன் செல்கிறார்கள். காரணம் எளியது. சர்ஃபாசி சட்டம், 2002, விவசாய நிலத்தின் மீதான ஈட்டுரிமைக்குப் பொருந்தாது. மேலும், ஒப்புதல் இல்லாத மனையில் கட்டும் வீட்டுக்கு முறையான கட்டட அனுமதி கிடைப்பது ஐயமே. பயிர் செய்வோருக்கு நாங்கள் தரும் விவசாயக் கடன் வேறு. அது விளைச்சலை நம்பித் தரப்படுவது. சட்ட வல்லுநரும் மதிப்பீட்டாளரும் பார்த்த பின் ஒரு வங்கி ஏற்கத் தயங்கும் சொத்தில், வாழ்நாள் சேமிப்பை வைப்பதற்கு முன் ஒருமுறை நிதானிப்பது நல்லது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

1. பஹணி யார் பெயரில் உள்ளது? விற்பவரின் பெயர் அதில் இல்லை என்றால், அவருக்கு விற்கும் உரிமை எவ்வாறு வந்தது?

2. பொது அதிகாரப் பத்திரத்தை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். அதன்வழி நடக்கும் விற்பனை உரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் தெளிவாக்கியது. பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரமே உரிமை தரும்.

3. சர்வே எண்ணின் ஒரு பகுதி மட்டும் விற்கப்படுமானால், ‘11இ’ நில அளவை வரைபடம் உள்ளதா? பத்திரத்தில் எல்லைகள் உள்ளனவா, அல்லது ‘பிரிக்கப்படாத பங்கு’ என்று மட்டும் எழுதப்பட்டுள்ளதா?

4. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அரசு வழங்கிய நிலமா? அவ்வாறாயின், 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசின் முன் அனுமதியின்றி நடந்த விற்பனை செல்லாது. எத்தனை கை மாறியிருந்தாலும் நிலம் திரும்பச் செல்லக்கூடும்.

5. வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், கன்வெர்ஷன் ஆணை, மனைப்பிரிவு ஒப்புதல் ஆகியவற்றை உங்களுக்கென அமர்த்திய வழக்குரைஞரிடம் காட்டுங்கள். விற்பனையாளர் அழைத்துவரும் வழக்குரைஞர் போதாது.

6. பந்திப்பூர், நாகரஹொளே காடுகளை ஒட்டிய நிலமாயின், சூழல் பாதுகாப்பு மண்டலக் கட்டுப்பாடு உண்டா என்று விசாரியுங்கள்.

7. பக்கத்து நிலத்து விவசாயியிடம் பேசுங்கள். அங்கே ஏக்கர் என்ன விலை என்பதை அவரைப் போல் அறிந்தவர் இல்லை.

பயிர் செய்யும் எண்ணத்தோடு, முறையான ஆவணங்களுடன் நிலம் வாங்குவது நல்ல செயலே. அதை நாங்கள் குறை கூறவில்லை. பயிரும் இல்லாமல் வீடும் இல்லாமல், விலை ஏறும் என்ற ஒன்றை மட்டும் நம்பி வாங்குவதையே எச்சரிக்கிறோம்.

அந்த வாடிக்கையாளர் மறு வாரம் ஊருக்குச் சென்று விசாரித்தார். பஹணி இன்னும் விவசாயி பெயரிலேயே இருந்தது. கன்வெர்ஷனுக்கு எவரும் விண்ணப்பிக்கவில்லை. முன்பணத்தைக் கேட்டார், கிடைக்கவில்லை. அந்த ஐம்பதாயிரம் அவருக்குச் சிறிய தொகை அன்று. ஆயினும் ஆறு லட்சத்தைத் தொடாமல் விட்டுவைத்தார். முன்பணம் கொடுப்பதற்கு முதல் நாளே அவர் வந்திருக்கக் கூடாதா என்ற வருத்தம் எங்களுக்கு உண்டு. நீங்கள் அந்த முதல் நாளிலேயே வாருங்கள். கடன் கேட்காவிட்டாலும் ஆவணங்களைக் காட்டி ஐயம் கேட்கலாம்.