பட்டெடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு சமையல் பாடம்

வெளிநாட்டுப் பயணம் போகிறவர்கள் பலர் இப்போது ஒரு சமையல் வகுப்பையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள். தாய்லாந்தின் சியாங் மாயில் நானும் போனேன். காலையில் சந்தைக்குக் கூட்டிப்போய் எலுமிச்சைப் புல்லையும் பேரரத்தையையும் முகர்ந்து பார்க்கச் சொன்னார்கள். மதியத்துக்குள் சமைத்துச் சாப்பிட்டாயிற்று. உரலில் மசாலா இடித்துக்கொண்டிருந்தபோது ஒன்று உறைத்தது. சென்னையிலிருந்து 75 கிலோமீட்டர்தான் காஞ்சிபுரம். கல்யாணத்துக்குக் கல்யாணம் அங்கே பட்டெடுக்கப் போகிறோம். அந்த ஊர் இட்லியை யாரிடமும் உட்கார்ந்து கற்றுக்கொண்டதில்லை.

அடுத்த முறை புடவை எடுக்கப் போனபோது, தெரிந்தவர் மூலம் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மாமியிடம் கேட்டு வைத்தேன். வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் வீடு. கோயில் மடப்பள்ளிக்குள் வெளியார் போக முடியாது. அதைக் கேட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது. பெருமாளுக்கு அமுது செய்யும் இட்லியை முதலில் கோயிலில் பிரசாதமாக வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அதன் பிறகு வீட்டுச் சமையற்கட்டுக்குப் போவதுதான் சரி. எந்த ருசிக்காகப் பாடுபடுகிறோம் என்று நாக்குக்கு முன்பே தெரிந்துவிடும். மதியத்தில் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

பாடம் முதல் நாள் மதியமே தொடங்கியது. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். மாவு ஊறி, அரைபட்டு, இரவெல்லாம் புளித்துத்தான் இட்லி ஆகும். அரை நாள் வகுப்பில் தயாராக வைத்த மாவை ஊற்றிக் காட்டினால் பாதிப் பாடம் போய்விடும். ஓர் இரவு தங்க முடியுமானால் மட்டும் இதைக் கேளுங்கள்.

மாமி வீட்டுக் கணக்கு: பச்சரிசி, புழுங்கலரிசி, உளுந்து மூன்றும் சம பங்கு. அரைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "விரலால தொட்டுப் பாரும்மா. ரவையாட்டம் நெருடணும். வழவழன்னு போச்சுன்னா அது சாதா இட்லிதான்" என்றார். நெருடலை எந்தப் புத்தகமும் சொல்லிக்கொடுக்க முடியாது. அதனால், வேடிக்கை பார்க்க மட்டும் உட்காராதீர்கள். "நான் ஒரு கை அரைக்கட்டுமா மாமி?" என்று கேட்டு, மாவில் கை வையுங்கள்.

மறுநாள் காலை பொங்கி நின்ற மாவில் சுக்குப் பொடி, ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு, சீரகம், பெருங்காயம், கறிவேப்பிலை, கொஞ்சம் தயிர், நெய், நல்லெண்ணெய் எல்லாம் சேர்ந்தன. மாமிக்குக் கைதான் அளவு. நான் பையில் ஒரு கரண்டி செட் கொண்டுபோயிருந்தேன். அவர் உள்ளங்கையில் எடுத்ததை ஒவ்வொரு முறையும் வாங்கி அளந்துவிட்டுத்தான் மாவில் போட்டேன். அவரும் பொறுமையாகத் தந்தார். யாரிடம் கற்றாலும் இதைச் செய்யுங்கள். "கொஞ்சம்" என்று நோட்டில் எழுதி வந்தால் வீட்டில் அது எதற்கும் உதவாது. ஏன் சேர்க்கிறோம் என்பதையும் கேளுங்கள். இத்தனை உளுந்தும் நெய்யும் வயிற்றில் தங்காமல் செரிக்க வேண்டும், அதற்குத்தான் சுக்கும் மிளகும் என்றார் மாமி.

கோயிலில் இது மூங்கில் குடலையில் வேகிறது. நீண்ட கூடைக்குள் மந்தாரை இலையைப் பரப்பி, மாவை ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வைப்பார்கள். இலையின் மணம் மாவில் ஏறும். மாமி வீட்டில் சிறிய குடலை ஒன்று இருந்தது. அதில் ஒன்று ஊற்றினோம். மீதி மாவை எண்ணெய் தடவிய எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றினோம். டம்ளர் இட்லி அரை மணிக்குள் வெந்துவிட்டது. ஈர்க்குச்சியைக் குத்தி, மாவு ஒட்டாமல் வருகிறதா என்று பார்த்தார். குடலை இட்லிக்குக் காத்திருந்த நேரத்தில்தான் தெருவிலிருந்து தறிச் சத்தம் கேட்டது. அங்கிருந்து பேச்சு கோர்வைப் பட்டுக்குப் போனது. உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து, தறியிலேயே கோர்த்து இணைக்கும் வேலையைப் பற்றி, கடையில் யாரும் சொல்லாததையெல்லாம் மாமி சொன்னார். ஊரைப் பற்றிக் கேட்க அடுப்படியை விட நல்ல இடம் இல்லை.

காசு விஷயத்தை முதலிலேயே பேசிவிடுங்கள். பழக்கத்துக்காகச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றாலும் சாமானுக்கும் உழைப்புக்கும் சேர்த்துத் தருவதுதான் மரியாதை. வெற்றிலை பாக்கு, பழத்தோடு வைத்துக் கொடுத்தால் மறுக்க மாட்டார்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள். பூஜை அறையும் சமையற்கட்டும் ஒட்டியிருக்கும் வீடுகளில் குளித்துவிட்டுப் போவது நல்லது.

வீட்டில் செய்ய மந்தாரை இலை கிடைக்காவிட்டால் வாழையிலையை வாட்டி டம்ளருக்குள் வையுங்கள். மணம் வேறுதான், ஆனால் இலையே இல்லாததை விட மேல். அடுத்த தடவை பட்டெடுக்கக் காஞ்சிக்குப் போகும்போது ஒரு நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள். கடைக்காரரிடமோ தங்கும் இடத்திலோ கேளுங்கள், சொல்லிக்கொடுக்கத் தெரிந்த வீடு ஏதாவது அகப்படும். மாமி மாதிரியான கைகளிடம் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள்.