ஒரு விசை, பல ஏவல்

விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசி, தீப்பெட்டிக்கும் அச்சுத் தொழிலுக்கும் பட்டாசுக்கும் பெயர் பெற்ற நகரம் என்பதை மாணவர் யாவரும் அறிவர். அந்நகரிலும் அதன் சுற்றூர்களிலும் செய்யப்பெறும் வாணங்களுள் ஒன்று, வணிகர் 'ஷாட்' என வழங்கும் பெட்டி வாணம். அதனுள் அட்டைக் குழாய்கள் பல வரிசையாக நிற்கும். வெளியே நீண்டிருப்பதோ ஒரே திரி. திரியில் நெருப்பிட்டு விலகி நின்றால், குழாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சீறி வானில் பூச்சொரியும். கொளுத்தியவர் செய்தது ஒரே செயல். எது முன், எது பின், இடையே எவ்வளவு பொழுது என்பனவற்றைத் திரியை இணைத்த தொழிலாளியின் கைகள் முன்னரே வகுத்து வைத்திருந்தன.

பல செயல்களை முறைப்படுத்தி ஒரு தொடக்கத்துள் அடக்கும் இக்கலை, நம் இல்லத்துச் சிறு கருவி ஒன்றிலும் உண்டு. ரிமோட் என நாம் வழங்கும் தொலை இயக்கியே அக்கருவி.

1955ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு யூஜின் போலி என்பார், ஒளிக்கற்றையால் தொலைக்காட்சியை இயக்கும் கருவியைப் படைத்தார். அடுத்த ஆண்டில் ராபர்ட் ஆட்லர் வடிவமைத்த கருவி, செவிக்கு எட்டாத மீயொலியால் அதனை இயக்கிற்று. இக்காலத்து இயக்கிகளிற் பெரும்பாலானவை கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியைக் கையாள்கின்றன. விசையை அழுத்தியதும், முனையிலுள்ள சிறு விளக்கு நொடிக்கு ஏறத்தாழ 38,000 முறை துடிக்கும் ஒளியை விட்டுவிட்டு வீசும். குறிலும் நெடிலும் கூடிச் சொல்லாவது போல, ஒளியும் இடைவெளியும் குறுகியும் நீண்டும் வந்து ஓர் ஏவலாகும்.

ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனத் தனிக் குறிமுறை வகுத்துக்கொண்டது. ஆதலின், தொலைக்காட்சி, செட்டாப் பெட்டி, ஒலிபெருக்கி, வட்டு இயக்கி ஆகியவற்றைக் கூட்டி அமைத்த இல்லத் திரையரங்கில், நான்கு கருவிகளுக்கு நான்கு இயக்கிகள் வேண்டியிருந்தன. இவ்விடர் நீக்க எழுந்ததே பொது இயக்கி. ஆப்பிள் நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக், 1987இல் 'கோர்' என்னும் இத்தகைய இயக்கியை வெளியிட்டார். பழைய இயக்கியைப் புதியதற்கு எதிரே பிடித்து அழுத்தினால், ஆசான் ஓத மாணாக்கன் உளங்கொள்வது போல, புதியது அக்குறியைக் கற்றுக்கொள்ளும்.

கற்ற ஏவல்கள் பலவற்றை ஒரே விசையில் தொடுத்து வைப்பதனை மேக்ரோ என்பர். 'நீண்டது, பெரியது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது அப்பெயர். தமிழில் இதனைத் தொகுப்பேவல் எனலாம். திரைப்படம் காண விரும்புவார் ஒருவர் இவ்வாறு தொடுக்கலாம்: முதலில் தொலைக்காட்சி விழித்தெழுக, அடுத்து ஒலிபெருக்கி எழுக, பின்னர் வட்டு இயக்கி எழுக, பத்து நொடி பொறுத்திருக்க, அதன்பின் தொலைக்காட்சியும் ஒலிபெருக்கியும் உரிய உள்ளீட்டிற்கு மாறுக. இடையில் பொறுத்தல் எதற்கு? உறக்கத்திலிருந்து எழும் கருவிக்குச் சில நொடிகள் வேண்டும். அதற்குள் வரும் ஏவலை அது ஏற்காது. ஆதலால், எழுவதற்கு நெடும்பொழுது கொள்ளும் கருவியை முதலில் எழுப்புவதே அறிவுடைமை.

இனி, இதன்கண் உள்ள குறையையும் அறிதல் வேண்டும். பல கருவிகளில் எழுப்புதற்கும் அணைப்பதற்கும் ஒரே குறிதான் உண்டு. தொலைக்காட்சி முன்னரே எழுந்திருப்பின், 'எழுக' என நாம் விடுத்த ஏவல் அதனை அணைத்துவிடும். அடுத்து வரும் ஏவல்களோ உறங்கும் கருவியின்மேல் வீணே விழும். ஒருவர் குறுக்கே நடந்து ஓர் ஏவல் மறைந்து போனாலும், எஞ்சியவை ஒன்றும் நிகழாதது போலத் தொடரும். ஏனெனில், இவ்வகை இயக்கி பேச அறியுமேயன்றி மறுமொழி கேட்க அறியாது. எனவே, எழுப்பவும் அணைக்கவும் தனித்தனிக் குறிகள் கிடைக்குமாயின் அவற்றையே தேர்தல் நலம். ஒவ்வோர் ஏவலையும் தனியே சோதித்த பின்னரே தொடுத்தல் வேண்டும். தொடர் முற்றும்வரை இயக்கியைக் கருவிகளை நோக்கிப் பிடித்திருத்தலும் வேண்டும்.

இல்லத்தில் முறை பிறழ்ந்தால் திரை இருளும், அவ்வளவே. வாணத் தொழிலிலோ உயிரே போகும். சிவகாசி வட்டாரத் தொழிலாளர், மருந்து அறையினுள் புகுமுன் உலோகத் தகட்டைத் தொட்டு, உடலிற் சேர்ந்த நிலைமின்னை நிலத்தில் இறக்குதல் முறை. இஃது ஒரு நொடியில் முடியும் செயல், ஆயினும் விடத்தகாதது. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாய்ந்ததை இவ்வட்டாரம் மறவாது. பெரிய விழாக்களில் மின்விசையால் வாணம் ஏவுவோரும், மருந்து பற்றாத அளவு சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தி, ஒவ்வொரு சுற்றும் அறுபடாதிருக்கிறதா என ஆய்ந்த பின்னரே ஏவுவர். இல்லத்து இயக்கி கேட்க மாட்டாத மறுமொழியை அவர்கள் முதலிலேயே கேட்டுப் பெறுகின்றனர்.

மாணவர்களே! ஒரு விசையில் பல ஏவல்களை அடக்கும் வாய்ப்பு உங்கள் காலத்தில் மேலும் பெருகும். அடக்குமுன் வரிசையை எண்ணுங்கள்; இடைவெளியை அளவிடுங்கள்; ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். கருவி ஏவலை மட்டுமே அறியும். ஏவியவர் கருத்தை அறியாது.