தூண்டிலோடு ஒரு சனிக்கிழமை

மீன்தான் வேண்டும் என்றால் ஏலக்கூடத்துக்குப் போய்விடலாம். செலவும் குறைவு, நேரமும் மிச்சம். நண்பர்களோடு படகேறி, நங்கூரம் போட்டு, தூண்டிலை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பது வேறு காரியம். அதில் பெரும்பகுதி காத்திருப்புதான். ஏற்பாடுகளையும் அதை மனத்தில் வைத்தே செய்யவேண்டும். தூத்துக்குடிக் கடலை வைத்துச் சொல்கிறேன். மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் கடலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

நாள் பார்ப்பது

ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று வலுத்து வீசும். புதியவர்களுக்கு அது ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயல் பயமும். மாசி, பங்குனியில் கடல் பெரும்பாலும் தணிந்திருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான். நாட்டுப்படகுகள் அப்போதும் போகும்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் இழுக்கும். தூண்டில் நேராக இறங்காமல் சாய்ந்து போகும், அடுத்தவர் நூலோடு சிக்கும். அட்டமி, நவமியை ஒட்டி இழுப்பு குறையும். நல்ல காரியத்துக்கு ஆகாதென்று ஊரே ஒதுக்கிவைக்கும் நாட்கள் தூண்டில்காரனுக்கு நல்ல நாட்கள்! இன்னொன்று: இந்தக் கரையின் கத்தோலிக்க மீனவ ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை பொதுவாகக் கடலுக்குப் போவதில்லை. சனிக்கிழமையாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

முந்தின நாள் மாலை, கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் கடல்நிலை அறிவிப்பில் அலை உயரத்தையும் காற்றையும் பாருங்கள். அறிவிப்பு நன்றாக இருந்தும் படகுக்காரர் "இன்னைக்கு வேண்டாம் தம்பி" என்றால் வீட்டுக்குத் திரும்புங்கள். அதற்குமேல் பேச்சில்லை.

படகும் ஆளும்

வெளியில் பொருத்தும் எஞ்சின் வைத்த ஃபைபர் படகு போதும். நண்பர்கள் நாலு பேர், படகுக்காரர், அவருக்கு ஓர் உதவியாள். ஐந்தாவது நண்பர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. தூண்டில் வீசக் கை நீட்ட இடம் வேண்டும். மீன்பிடிப் படகில் வெளியாட்களை ஏற்ற எல்லாத் துறையிலும் விடுவதில்லை. ஆகவே அனுமதி உண்டா என்பதை முன்னாலேயே கேட்டு, அடையாள அட்டையோடு போங்கள். ஆளுக்கொரு உயிர்காப்பு உடை கட்டாயம். தமிழகக் கடலோரக் காவல் குழுமத்தின் 1093, இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554 இரண்டு எண்களும் உங்கள் போனிலும், வீட்டில் இருப்பவர் போனிலும் இருக்கட்டும்.

எங்கே போடுவது என்பது படகுக்காரர் பாடு. கடலடியில் பாறை கிடக்கும் பார்களை அவர் அறிவார்; அங்கேதான் மீன் நிற்கும். ஆனால் தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த ஆழம் குறைந்த கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. அதற்குள் தூண்டில் போடக் கேட்காதீர்கள்.

சாமான்

விலையுயர்ந்த கம்பும் ரீலும் வேண்டாம் என்பது என் கட்சி. கைத்தூண்டில் போதும். ஒரு சிறு கட்டையில் சுற்றிய நைலான் நரம்பு, நுனியில் ஈயக்குண்டு, அதற்கு மேலே கிளை நரம்பில் இரண்டு முள். விளமீனுக்கு என்று கடையில் சொன்னால் ஏற்ற முள்ளைத் தருவார்கள். நரம்பு விரலை அறுக்காமலிருக்க சைக்கிள் டியூபில் வெட்டிய வளையம் ஒன்று.

இரைக்குக் கணவாய். சாளை நல்ல இரைதான், ஆனால் சதை மிருது. சின்ன மீன்கள் கொத்திக்கொண்டு போய்விடும். கணவாயைச் சுண்டுவிரல் அகலத்துக்கு நீளவாக்கில் நறுக்கி, முள்ளை இரண்டு இடத்தில் கோத்து, வால் போல ஒரு துண்டு தொங்கும்படி விடுங்கள்.

காலையில் இட்லி சாப்பிடுங்கள், பூரி வேண்டாம். வெறும் வயிறும் ஆகாது. குமட்டல் வருகிறவர்கள் மருத்துவரைக் கேட்டு, மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ளவேண்டும். வாந்தி வந்தபின் போட்டுப் பயனில்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், முழுக்கைச் சட்டை, தொப்பி, புளிச்சோறு. மது வேண்டவே வேண்டாம்.

கடலில்

ஐந்து மணிக்குக் கிளம்பினால் விடியும்போது தூண்டில் தண்ணீரில் இருக்கும். படகின் அணியத்தில் குதிப்பு அதிகம், பின்னால் எஞ்சின் புகை. நடுவில் உட்காருங்கள். தலை சுற்றினால் படகுக்குள் குனியாமல் தொடுவானத்தைப் பாருங்கள்.

குண்டை இறக்கும்போது நரம்பு விரலில் ஓடிக்கொண்டே இருக்கும். சட்டென்று தொய்ந்தால் தரை தட்டிவிட்டது. ஒரு கை நீளம் மேலே இழுத்து, ஆள்காட்டி விரலில் நரம்பை ஏற்றிவைத்துக் காத்திருங்கள். இந்தக் கலையெல்லாம் அந்த ஒரு விரலில்தான். சிறு மீன் படபடவென்று கொத்தும். அதற்கெல்லாம் இழுத்தால் வெறும் முள்தான் வரும். விளமீன் ஓரிரு தட்டு தட்டிவிட்டு இழுத்துக்கொண்டு ஓடும். அப்போது ஒரு சுண்டு, பிறகு தொய்வு விடாமல் கைமாற்றிக் கைமாற்றி இழுக்கவேண்டும். களவா கடித்தால் யோசிக்க நேரமில்லை; பாறைப் பொந்துக்குள் புகுந்துவிடும். எதுவானாலும் நரம்பைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள்.

அரைமணி ஒன்றும் கடிக்கவில்லை என்றால் இரையை மாற்றுங்கள். இன்னும் அரைமணி போனால் படகுக்காரரிடம் கேளுங்கள், "அண்ணே, இடம் மாத்திப் பாப்பமா?" என்றால் போதும். அடிக்கடி கேட்காதீர்கள். இடையில் அவரைப் பேசவிடுங்கள். காற்றின் பெயர்களையும் பார்களின் பெயர்களையும் அவர் சொல்லும்போது கேட்பதற்காகவே இன்னொரு முறை போகலாம்.

வந்த மீனை ஈரத்துணியால் பிடித்து முள்ளைக் கழற்றுங்கள். கெளுத்தியின் முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று முட்கள், குத்தினால் கடுக்கும். பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை வைத்தால் வலி தணியும், பிறகு மருத்துவரிடம் போங்கள். ஊதிப் பருக்கும் பேத்தையைத் திருப்பி விட்டுவிடுங்கள். அதன் விஷம் சமைத்தாலும் போகாது. மற்றதை உடனே ஐஸ் பெட்டியில் போடுங்கள்.

பதினொரு மணிக்குள் நங்கூரத்தைத் தூக்கிவிடுவது நல்லது. பிற்பகலில் கடற்காற்று ஏறும், வெயிலும் தாங்காது.

எண்ணெய்ச் செலவு, கூலி, மீனில் யாருக்கு எவ்வளவு என்பதையெல்லாம் கிளம்பும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். பெட்டியில் நாலு நவரை மட்டுமே கிடந்தாலும் பேசிய கூலியில் ஒரு ரூபாய் குறைக்காதீர்கள்.