மகள் வயிற்று உரிமை: சோழநாடும் பிரான்சு நாடும்

தியாகராய நகரில் பனகல் பூங்காவைச் சுற்றி நாள்தோறும் நடப்போர் நம்மில் பலர். இந்நகருக்குப் பெயர் தந்த பிட்டி தியாகராயரும், பூங்காவுக்குப் பெயர் தந்த பனகல் அரசரும் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்களில் பிறந்தவர்கள். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிப்பது இந்நகரத்தார்க்குப் புதுமையன்று. ஆயினும் இடைக்கால வரலாற்றைப் படிக்கப் புகும்போது மட்டும், அண்டை நாட்டரசர் அனைவரும் அயலார் என்றும், அவர்களோடு நமக்கிருந்த உறவு போர் ஒன்றே என்றும் எண்ணிவிடுகிறோம். அரச குடும்பங்களின் மணவுறவுகளைப் பார்த்தால் நிலைமை வேறாகத் தோன்றுகிறது. மகள் வயிற்றுப் பேரனுக்கு அரியணையில் உரிமை உண்டா என்னும் ஒரே வினா, இங்கும் ஐரோப்பாவிலும் எழுந்தது. விடைகளோ வெவ்வேறு.

முதலில் ஐரோப்பாவைக் காண்போம். கி.பி. 1066இல் பிரான்சின் நார்மண்டிக் கோமகன் வில்லியம் இங்கிலாந்தை வென்று முடிசூடினான். அது முதல் இங்கிலாந்து மன்னர்கள் கடலுக்கு அப்பால் முடிமன்னராகவும், பிரான்சில் தாம் கொண்டிருந்த நிலங்களுக்காக அந்நாட்டு மன்னனுக்கு அடங்கியவராகவும் இருக்க நேர்ந்தது. 1328இல் பிரான்சு மன்னன் நான்காம் சார்லசு ஆண்மகவின்றி இறந்தான். அவன் தங்கை இசபெல்லாவின் மகன் மூன்றாம் எட்வர்டு. அவனே இங்கிலாந்து மன்னன். தாய்வழி உரிமை செல்லாது எனப் பிரான்சின் பெருமக்கள் அவனை மறுத்து, தந்தைவழி உறவினனான வாலுவாப் பிலிப்பை அரியணையில் ஏற்றினர். அயல்நாட்டு மன்னன் வேண்டா என்னும் எண்ணமும் இம்மறுப்பில் கலந்திருந்தது. எட்வர்டு 1329இல் அமியான் நகரத்தில் பிலிப்பின் முன் பணிந்தான். 1337இல் பிலிப்பு அவனது தென்பகுதி நிலத்தைப் பறித்ததும் போர் மூண்டது. நூற்றாண்டுப் போர் எனப்படும் அது 1453 வரை நீண்டது. இங்கிலாந்து மன்னர்கள் தம் பட்டப் பெயர்களுள் 'பிரான்சு மன்னர்' என்பதை 1801 வரை கைவிடவில்லை என்பது வியப்பன்றோ!

இனி நம் நாட்டுக்கு வருவோம். முதலாம் இராசராசன் தன் மகள் குந்தவையை வேங்கி நாட்டுக் கீழைச் சாளுக்கிய இளவரசன் விமலாதித்தனுக்கு மணமுடித்தான். இவள் இராசராசனின் தமக்கையாகிய குந்தவை அல்லள் என்பதை மாணவர் நினைவில் கொள்க. அவள் மகன் இராசராச நரேந்திரன். தெலுங்கில் மகாபாரதத்தைப் பாடத் தொடங்கிய நன்னயரைப் புரந்தவன் இவனே; தஞ்சைப் பெருங்கோயில் எடுப்பித்தவனின் மகள் வயிற்றுப் பேரன்! இவன் முதலாம் இராசேந்திரனின் மகள் அம்மங்கையை மணந்தான். அவர்கள் மகன் இராசேந்திரன், கி.பி. 1070இல் சோழ அரியணை ஏறி முதலாம் குலோத்துங்கன் ஆயினான். சுங்கம் தவிர்த்த சோழன் என மக்கள் கொண்டாடியவன் இவனே.

இம்மாற்றம் அமைதியாக நிகழ்ந்ததென்று கூறுவதற்கில்லை. மேலைச் சாளுக்கிய ஆறாம் விக்கிரமாதித்தன் வீரராசேந்திரனின் மருமகன். அவன் தன் மைத்துனன் அதிராசேந்திரனை அரியணையில் அமர்த்திச் சென்றான் என்றும், சில நாட்களில் எழுந்த கலகத்தில் அதிராசேந்திரன் மாள, வேங்கி மன்னன் நாட்டைக் கைப்பற்றினான் என்றும் அவனுடைய அவைப்புலவர் பில்கணர் வடமொழியில் பாடுகிறார். செயங்கொண்டாரோ, சோழநாடு மன்னனின்றிக் குலைந்தபோது அதனைக் காக்க வந்தவன் என்று குலோத்துங்கனைக் கலிங்கத்துப்பரணியில் போற்றுகிறார். இருவரும் அவைப்புலவர், இருவரையும் நாம் சற்று ஐயத்தோடுதான் படிக்க வேண்டும்.

ஆனால் உரிமைச் சிக்கலைச் செயங்கொண்டார் அவிழ்க்கும் விதம் நோக்கத்தக்கது. சாளுக்கியர் திங்கள் குலத்தார். சோழர் கதிரவன் குலத்தார். குலோத்துங்கன் பிறந்தவுடன் பாட்டியாகிய சோழமாதேவி அவனை ஏந்தி, இவன் எமக்கு மகனாகிக் கதிரவன் குலத்தை வளர்ப்பான் என மகிழ்வதாகப் புலவர் காட்டுகிறார். பிரான்சின் பெருமக்கள் சட்டம் பேசி மறுத்ததை, இங்கே ஒரு பாட்டியின் வாய்மொழியாகப் புலவர் வழங்கிவிடுகிறார். வாள்வலியால் முன்னரே முடிந்துவிட்ட செயலுக்குப் பின்னர் எழுதிய இசைவு அது என்பாரும் உளர். அவ்வாறே ஆயினும், தாய்வழி வந்தவன் என்பதை மறைக்க வேண்டிய குறையாகப் புலவர் கருதவில்லை. இரு குலத்துக்கும் உரியவன் என்று பெருமையாகவே பாடுகிறார்.

பரணியின் பகைவனையும் சற்றுக் காண்போம். திறை செலுத்தாமையால் கருணாகரத் தொண்டைமான் படை நடத்திச் சென்றது கலிங்க மன்னன் அனந்தவன்மன் மேல். அவன் தாய் இராசசுந்தரி சோழர் குல இளவரசி. சோழ கங்கன் என்னும் பொருள்பட 'அனந்தவர்மன் சோடகங்கன்' என்றே கல்வெட்டுகள் அவனைக் குறிக்கின்றன. பூரி செகந்நாதர் பெருங்கோயிலை எழுப்பத் தொடங்கியவனும் அவனே. அப்போரில் வென்றவன் சோழர் மகள் வயிற்றுப் பேரன். தோற்றவனும் சோழர் மகள் பெற்ற மகன். வகுப்பறையில் களம் பாடியதைச் சுவைபடச் சொல்லும் நாம், இவ்வுறவைச் சொல்லாமலே பாடத்தை முடித்துவிடுகிறோம்.