திருக்கடையூர் கல்யாணத்தோடு கோடியக்கரைப் பறவைகள்: குடும்பத்துக்குச் சில குறிப்புகள்

அறுபது, எழுபது, எண்பது நிறைந்த பெற்றோருக்குச் சாந்திக் கல்யாணம் செய்து பார்க்கத் திருக்கடையூர் வரும்போதுதான் பல குடும்பங்கள் முழுசாக ஒன்றுசேர்கின்றன. அபிராமி சந்நிதியில் கும்பிட்டு, மதியம் இலைச் சாப்பாடு முடித்து, மாலையே வேன் ஏறிவிடுகிறார்கள். உங்கள் கல்யாணம் கார்த்திகைக்கும் மாசிக்கும் இடையில் வந்தால் இன்னும் இரண்டு நாள் சேர்த்து விடுப்பு எடுங்கள். தெற்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டரில் கோடியக்கரை இருக்கிறது. ஆர்க்டிக் கரையிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் பறந்து வந்த பறவைகள் அங்கே சேற்றில் இரை தேடிக்கொண்டிருக்கும். பாட்டி முதல் பேரன் வரை எல்லோரும் ஒரே நேரத்தில் ரசிக்கக்கூடிய பயணம் இதைப்போல் வேறொன்று டெல்டாவில் இல்லை என்பேன்.

1. வலசைப் பறவைகள் புரட்டாசி, ஐப்பசியிலேயே வரத் தொடங்கிவிடும். ஆனால் ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக் காலம். அப்போது சதுப்பில் தண்ணீர் உயர்ந்து நிற்பதால் சிறிய உள்ளான்களுக்குக் கால் ஊன்ற இடம் இருக்காது. மழை விட்டு, நீர் வடிந்து, சேறு வெளியே தெரியும் மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரைதான் குடும்பத்தோடு போக நல்ல காலம். தேதி உங்கள் கையில் இருந்தால் தை மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்.

2. கார்த்திகை முகூர்த்தம் தவிர, வேறு நாள் அமையவில்லையா? வானிலை அறிக்கையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டித்தான் கரையேறியது. புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போட யோசிக்கவே வேண்டாம்.

3. தை அமாவாசையைத் தவிருங்கள். அன்று திருக்கடையூரில் அபிராமி பட்டருக்கான விழா. கோடியக்கரையிலோ ஆதிசேதுவில் கடலாடக் கூட்டம் கூடும். இரண்டு இடத்திலும் அறை கிடைப்பதும் வண்டி நகர்வதும் சிரமம்.

4. திருக்கடையூரிலிருந்து விடியலில் கிளம்பிப் போய்ப் பார்த்துவிட்டு இரவே திரும்பலாம் என்று திட்டமிடாதீர்கள். காரைக்கால், நாகப்பட்டினம், வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரை போய்ச் சேர மூன்று மணி நேரமாவது ஆகும். மார்கழி, தை மாதங்களில் விடிகாலைப் பனி மூட்டம் வேறு. முதல் நாள் மதியமே புறப்பட்டு, வேதாரண்யத்தில் விடுதி எடுங்கள். கோடியக்கரையிலேயே வனத்துறையின் விருந்தினர் இல்லம் உண்டு. அதற்கு முன்கூட்டியே நாகப்பட்டினம் வனஉயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் அனுமதி பெற வேண்டும். அறைகள் குறைவு, ஆகவே கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கும்போதே இதையும் விசாரித்துவிடுங்கள்.

5. பறவை பார்க்கும் பழக்கத்தைத் திருக்கடையூரிலேயே தொடங்குங்கள். ஊரைவிட்டு வெளியே வந்தால் சம்பா வயல்தான். வரப்பில் நின்றால் மடையான், கொக்கு, அரிவாள்மூக்கன், நத்தைகுத்தி நாரை எல்லாம் பக்கத்திலேயே நடமாடும். நத்தைகுத்தியின் அலகு மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். குழந்தைகள் அதை ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்க மாட்டார்கள். தரங்கம்பாடி ஏழெட்டுக் கிலோமீட்டர்தான். 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையைப் பார்க்கப் போகும் மாலையில் கடற்கரையில் ஆலாவையும் கடற்காகத்தையும் பிரித்தறியப் பழகலாம்.

6. வழிகாட்டி இல்லாமல் கோடியக்கரைக்குப் போவதில் பாதிப் பயன்கூடக் கிடைக்காது. தண்ணீர் எந்தப் பக்கம் வடிந்திருக்கிறது, பூநாரைக் கூட்டம் இன்று எங்கே இறங்கியது என்பதெல்லாம் அன்றாடம் அங்கே நடப்பவர்களுக்குத்தான் தெரியும். வனத்துறை அலுவலகத்தில் கேட்டால் உள்ளூர் ஆள் ஏற்பாடு செய்ய வழி சொல்வார்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விடுகிறது. அறிஞர் சாலிம் அலி முன்னின்று 1959இல் தொடங்கிய வலசை ஆய்வின் தொடர்ச்சி அது. அந்தப் பணியில் உதவிய உள்ளூர்க்காரர் ஒருவர் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். தூரத்தில் பறக்கும் விதத்தை வைத்தே பெயர் சொல்லிவிடுவார். கூலியையும் நேரத்தையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஒரு வழிகாட்டிக்கு ஏழெட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். கூட்டம் பெரிதென்றால் இரண்டு அணியாகப் பிரித்து, ஓர் அணி காலையிலும் மற்றது மாலையிலும் போகலாம்.

7. தொலைநோக்கி வாங்குவதானால் 8×42 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும். முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் என்பதால் வெளிச்சம் நன்றாக வரும். மடங்கு கூடக் கூடக் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும், பெரியவர்களுக்கு அது சரிப்படாது. மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கண் வைக்கும் இடத்து ரப்பர் விளிம்பைக் கீழே மடித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றாமலே பார்க்கலாம்.

8. பட்டுப்புடவையும் வெள்ளை வேட்டியும் கல்யாணத்தோடு போதும். சதுப்பில் மண் நிறம், இலைப் பச்சை, சாம்பல் நிற உடைகள் நல்லது. உப்பளத்து வெயில் தரையிலிருந்தும் திருப்பி அடிக்கும். தொப்பியும் குளிர்க்கண்ணாடியும் வேண்டும். ஈரக்களி வழுக்கும் என்பதால் செருப்பைவிடப் பழைய கான்வாஸ் ஷூ மேல்.

9. புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் கட்டிக்கொள்ளுங்கள், உள்ளே கடை கிடையாது. தண்ணீரைத் தாராளமாக எடுத்துப் போங்கள். காட்டுப் பகுதியில் குரங்குகள் பையைப் பிடுங்கும். அங்கே பொட்டலத்தைப் பிரிக்காமல் வெளியே வந்து சாப்பிடுங்கள். குரங்குக்கு எதையும் கொடுக்க வேண்டாம். கொடுத்துப் பழக்கியதால்தான் பிடுங்குகிறது. இலையையும் காகிதத்தையும் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள்.

10. சூரியன் எழும்போது களத்தில் இருங்கள். ஒன்பது, ஒன்பதரைக்கு மேல் சதுப்பின் மீது கானல் ஆடத் தொடங்கும்; எவ்வளவு நல்ல கருவியானாலும் தூரத்துப் பறவை கலங்கித்தான் தெரியும். பிறகு மாலை நாலு மணிக்கு மேல் போகலாம். காலையில் கிழக்கே முதுகு காட்டி நில்லுங்கள். வெளிச்சம் பறவையின் மேல் விழுந்தால்தான் காலின் நிறம் தெரியும்.

11. நூறு பெயர் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அலகையும் காலையும் பாருங்கள். உப்புக்கொத்திக்கு அலகு குட்டை, கண் பெரிது. நின்று பார்க்கும், ஓடும், கொத்தும், மறுபடி நிற்கும். கோட்டானின் அலகு நீண்டு கீழ்நோக்கி வளைந்திருக்கும். ஆழத்தில் ஒளிந்திருக்கும் நண்டையும் புழுவையும் அது இழுத்துவிடும். கோணமூக்கு உள்ளானின் அலகோ மேல்நோக்கி வளைந்தது. அது தண்ணீரை இடமும் வலமும் அரிந்துகொண்டே நடக்கும். பவளக்கால் உள்ளானுக்குக் கால் சிவப்பு, பச்சைக்கால் உள்ளானுக்குப் பெயரே அடையாளம். கரண்டிவாயனை யாரும் தவறவிட முடியாது. ஒரே சேற்றில் இத்தனை பறவைகள் சண்டையில்லாமல் சாப்பிடுவது ஒவ்வோர் அலகும் வேறு வேறு ஆழத்துக்குப் போவதால்தான். இதை விளங்கிக்கொண்ட பிறகு சதுப்பைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும். கொசு உள்ளானைக் காட்டச் சொல்லி வழிகாட்டியிடம் கேளுங்கள். எடை சுமார் 25 கிராம். அதுதான் ஆர்க்டிக் கரையிலிருந்து வந்திருக்கிறது.

12. பூநாரைகளைப் பார்க்கத்தான் பெரும்பாலோர் வருகிறார்கள். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து வடிகட்டிச் சாப்பிடும் பறவை அது. இளஞ்சிவப்பு அதற்குத் தீனியிலிருந்து வருவது. இளம் பறவைகள் சாம்பல் நிறமாக இருக்கும், வேறு இனமென்று எண்ணிவிடாதீர்கள். இறக்கைச் சிவப்பைப் படம் பிடிக்க வேண்டும் என்பதற்காகக் கை தட்டியோ, கல்லெறிந்தோ, வண்டியை ஓட்டிச் சென்றோ கூட்டத்தைக் கிளப்பாதீர்கள். வழிகாட்டியையும் அப்படிச் செய்யச் சொல்லாதீர்கள். பங்குனியில் திரும்பிப் பறக்க வேண்டிய உள்ளான்கள் தை, மாசியில்தான் உடம்பில் கொழுப்பு சேர்க்கின்றன. ஒவ்வொரு முறை விரட்டப்படும்போதும் தின்றதில் ஒரு பங்கு வீணாகிறது. ட்ரோன் பறக்கவிடுவது, அலைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பது இரண்டும் கூடவே கூடாது.

13. முழங்கால் வலியுள்ள பெரியவர்களை அறையில் விட்டுப் போகாதீர்கள். மடக்கு நாற்காலி இரண்டை வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். சதுப்போரம் ஒரே இடத்தில் அமர்ந்து ஒரு மணி நேரம் பார்ப்பவர்களுக்கு, அலைந்து திரிபவர்களைவிட அதிகப் பறவைகள் கிடைக்கும். ஆள் அசையாமல் இருந்தால் பறவைதான் நெருங்கி வரும். வழிகாட்டி முக்காலியில் வைக்கும் பெரிய தொலைநோக்கி இருந்தால் முதல் பார்வை பாட்டிக்கு.

14. குழந்தைகளுக்கு எண்ணும் வேலை கொடுங்கள். கூட்டத்தில் முதல் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, அப்படி எத்தனை பத்து என்று மதிப்பிடச் சொல்லுங்கள். இடம், நேரம், எண்ணிக்கை மூன்றையும் இபேர்ட் செயலியில் பதிந்தால் ஆய்வுக்குப் பயன்படும். பொங்கல் விடுமுறையில் போகிறவர்கள் அந்த நாட்களில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்ந்துகொள்ளலாம்.

15. பகல் வெயிலில் காட்டுக்குள் போங்கள். 1967இல் கோடியக்கரைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது வெளிமானைக் காக்கத்தான். முறுக்குக் கொம்பும் கறுத்த முதுகுமாகக் கிடா நிற்பதைப் புல்வெளியில் காணலாம். ராமர் பாதம் மேட்டுக்கும் போய் வாருங்கள். ஐப்பசியில் போனால் மரத்தடிச் சருகில் ஆறுமணிக்குருவி தட்டுப்படக்கூடும். வங்கக்கடலோரம் தெற்கே இறங்கிவரும் நிலம் இங்கே மேற்கே மடங்குகிறது. இலங்கைக்குக் கடல் தாண்டும் காட்டுப் பறவைகளும் இந்த முனையில் வந்து கூடுவதற்கு அதுதான் காரணம்.

16. திரும்பும்போது தஞ்சாவூர் வழியைப் பிடியுங்கள். திருத்துறைப்பூண்டியை அடுத்து உதயமார்த்தாண்டபுரம், மன்னார்குடியைத் தாண்டி வடுவூர் ஏரி. இரண்டும் மேட்டூர்த் தண்ணீரும் மழையும் நிரப்பும் பாசன ஏரிகள். கோடியக்கரை 2002இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இவை இரண்டும் 2022இல் சேர்ந்தன. கூழைக்கடா, நீலத்தாழைக்கோழி, ஊசிவால் வாத்து ஆகியவற்றைக் கரையில் நின்றபடியே பார்க்கலாம். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரமென்றால் வடுவூருக்கு என் ஓட்டு, ரயிலைப் பிடிக்கவும் அதுவே வசதி.

17. வழியில் யாராவது கொக்குக் கறி, மடையான் கறி என்று விற்றால் வாங்காதீர்கள். வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வாங்க ஆள் இருப்பதால்தான் கண்ணி வைக்கிறார்கள். இடத்தைக் குறித்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

18. பறவையின் காலில் வளையமோ வண்ணக்கொடியோ தெரிந்தால் எந்தக் கால், என்ன நிறம், என்ன எழுத்து என்று எழுதிக்கொண்டு, முடிந்தால் படமெடுத்து, வழிகாட்டியிடமோ பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கோ தெரிவியுங்கள். வளையத்தோடு இறந்து கிடக்கும் பறவையைக் கண்டாலும் எண்ணைப் படமெடுத்து அனுப்புங்கள். அந்தப் பறவையை எங்கே, எந்த ஆண்டு வளையமிட்டார்கள் என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள்.